தோணிக் கயிற்றில் ஒரு கூடு

1948, ஆவணி மாதம். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கரையேற்றி வைத்திருந்த தோணிகள் கொழும்புப் பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தன. கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்த நான், ஒரு தோணியின் சரக்கு விவரம் கேட்கக் கடற்கரைக்குப் போனேன். தோணியின் முன்பக்கம் தொங்கிய கயிற்றருகே, கட்டைவிரல் அளவுப் பறவை ஒன்று இறகடித்து அந்தரத்தில் நின்றது. தலையில் பச்சை மினுக்கம், தொண்டையில் ஊதா, வயிறு மஞ்சள்.

ஹம்மிங்பேர்ட் என்கிற ரீங்காரச்சிட்டைப் பற்றி அப்போதுதான் படித்திருந்தேன். பூவின் முன் அந்தரத்தில் நின்றே தேன் குடிக்கும், பின்னோக்கியும் பறக்கும், அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் கிடையாது. அங்குள்ள பழங்குடிகள் அதன் இறகுகளால் அலங்காரம் செய்தார்கள். ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிக்காக அதைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றார்கள்.

“அண்ணாச்சி, இது அமெரிக்காப் பறவை! வெளிய நிக்கிற கோதுமைக் கப்பல்ல வந்திருக்கு!”

தோணியை ஓட்டும் தண்டல் நிமிர்ந்து பார்த்தார். “அப்படியா தம்பி? கஸ்டம்ஸ்ல சொல்லியாச்சா?”

என்னைப்போலத் துறைமுகத்தில் வளர்ந்தவனுக்கு மினுங்குவதெல்லாம் கப்பலில் வந்ததுதான்.

அப்போது மங்கல் நிறப் பெட்டை ஒன்று புழுவோடு வந்தது. கயிற்றில் சிக்கிய குப்பை என்று நான் நினைத்திருந்த உருண்டையிலிருந்து இரண்டு வாய்கள் திறந்தன. சிலந்தி நூலும் மரப்பட்டைத் துணுக்கும் சேர்த்துப் பின்னிய தொங்கும் பை. வாசலுக்கு மேல் சின்னக் கூரை. ரீங்காரச்சிட்டோ கிளைமேல் கிண்ணம்போலக் கட்டும். என் அமெரிக்கா அங்கேயே கவிழ்ந்தது. இது நம் தேன்சிட்டு! ஆனாலும் உற்சாகம் கூடியதே தவிரக் குறையவில்லை. ரீங்காரச்சிட்டும் தேன்சிட்டும் உறவுகூட இல்லை. தேன் குடிக்கும் பிழைப்பு ஒன்றே உலகின் இரு பக்கத்திலும் ஒரே சாயலை வார்த்திருக்கிறது.

தோணி சனிக்கிழமை கடலில் இறங்கவேண்டும். அதற்குள் குஞ்சுகள் பறக்குமா?

“கூட்டை அறுத்து மரத்துல கட்டிருவோமா?” என்றேன்.

“தாய் தேடி வராட்டா என்ன செய்வீரு? நீரு புழு பிடிச்சு ஊட்டுவீரா? அந்தக் கயித்த ஒருத்தனும் தொடாம நான் பாத்துக்கிடுதேன். ஆனா நாள மாத்த முடியாது, சரக்கு காத்துக் கிடக்கு.”

தினமும் போய்ப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஒன்று பறந்துவிட்டது. மற்றது கூட்டைவிட்டு அசையவில்லை.

சனிக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து பங்குச் சாமியார் தோணிமேல் தீர்த்தம் தெளித்தார். தண்டலின் மனைவி கோயில் தோட்டத்துச் செம்பருத்திகளை மாலையாகக் கட்டித் தோணியின் முகப்பில் போட்டாள். ஆட்கள் வடத்தை இழுக்க, ஏலேலோ பாட்டு எழுந்தது. அடியில் போட்ட உருளைக்கட்டைகள்மேல் தோணி மணலில் நகர்ந்தது, கூடு ஊஞ்சலாடியது, உள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அலை தோணியைத் தொட்டது.

“நிறுத்துங்கலே!” என்றார் தண்டல். வடத்தைப் பிடித்தபடி அத்தனை பேரும் நின்றார்கள்.

“என்ன அண்ணாச்சி, கட்ட உருண்டா காலு போயிரும்!” என்று ஒருவன் கத்தினான்.

“சிட்டுக்கு இருக்கிற பொறுமை உனக்கில்லையால?”

தாய் வந்தது. கூட்டுக்குப் போகாமல் மாலையில் உட்கார்ந்து செம்பருத்திக்குள் அலகை நுழைத்தது. பிறகு கூப்பிட்டது. குஞ்சு வாசலில் தொற்றியது, தயங்கியது, குதித்தது. காற்றில் தடுமாறி, கத்தியவனின் தலைப்பாகையிலேயே விழுந்தது. அவன் சிலையானான். மறுபடி சிறகடித்து, கரையிலிருந்த பூவரசுக்குப் போய்ச் சேர்ந்தது. தாய் பின்னால் பறந்தது.

தண்டல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“அமெரிக்காக்காரன் இறங்கிட்டான். இழுங்கலே!”