சம்பந்திக்கு ஊற்றிய வைன்

றோய் அண்ணையை எங்கள் தமிழ்ச் சனம் நிறைந்த மல்வேர்னில் எல்லாருக்கும் தெரியும். மதிப்பவர்களைத்தான் தேட வேண்டும். ஸ்ரௌவ்வில் ஊருக்கு அப்பால், மார்கரெட் என்ற வெள்ளைக்காரியின் வைன் தோட்டத்தில் அவருக்கு வேலை. பனி கொட்டுவதற்கு முன் திராட்சைக் கொடிகளைக் கம்பியிலிருந்து இறக்கி மண்ணால் மூடுவார். மூடாவிட்டால் குளிரில் செத்துப்போகும். வசந்தத்தில் மறுபடி கிண்டி எடுப்பார். மொட்டு உடைந்துவிடக் கூடாது என்பதால் கடைசியில் கையால்தான் கிண்டுவார். நகக்கண்ணில் எப்போதும் மண்.

மார்கரெட்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. குளிர் நாட்டுப் பழம் புளிக்கத்தான் செய்யும், அதைச் சீனி போட்டு மறைப்பது ஏமாற்று வேலை என்பாள். றோயும் தொடக்கத்தில் முகம் சுளித்தவர்தான். பிறகு அந்தப் புளிப்பு இல்லாத வைனை அவர் வாயில் வைப்பதில்லை.

மகள் ஸ்டெபனிக்குக் கலியாணம் பொருந்தியதும், மார்கரெட் ஒரு நிரைக் கொடியை அவரிடமே விட்டாள். றோய் தானே கிளை வெட்டி, பழம் பிடுங்கி, பிழிந்து செய்த வைன். போத்தலில் மகளின் பெயர்.

மாப்பிள்ளை வீடு விட்பியில். தகப்பன் கிளிபோட், வீடு விற்றுக்கொடுக்கும் ஏஜென்ற். “சம்பந்தி வெள்ளைக்காரியின்ர தோட்டத்தில புல்லுப் பிடுங்கிறார்” என்று சேர்ச் வாசலில் அவர் சொன்னது றோயின் காதுக்கு வந்திருந்தது. அந்த வாய் ஒரு தடவை தன் வைனைக் குடித்து, நல்லாயிருக்கு என்று சொல்ல வேண்டும். றோய் ஆசைப்பட்டது அவ்வளவுதான். ஆசைப்பட ஆள் பார்த்தார் பாருங்கள்!

கலியாண மண்டபத்தில் நான் பெண் வீட்டு மேசையில் இருந்தேன். பக்கத்து மேசையில் மார்கரெட். எல்லாருக்கும் வைன் ஊற்றியானதும் கிளிபோட் மைக்கோடு எழும்பி ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது.

“சம்பந்தி, உது பழுதாப் போச்சு! எங்கட வீட்டு வினாகிரி உதைவிட இனிக்கும்!”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. எங்கள் சனத்துக்கு வைன் என்றால் சீனிப் பாணி மாதிரி இனிக்க வேண்டும். இல்லாவிட்டால் பழுது. என் மேசையிலேயே ஒருவர் வைனுக்குள் ஸ்பிரைற்றை ஊற்றிக் கலக்கினார்.

றோய் எழும்பினார். “இல்லைச் சம்பந்தி, இது குளிர் நாட்டுப் பழம், இப்பிடித்தான் இருக்கும். பிள்ளையைக் கேட்டுப் பாருங்கோ, அவளுக்குத் தெரியும்.”

அவளுக்குத் தெரியும்தான். தோட்டத்தில் வைத்துக் குடித்துவிட்டு, “சோ குட் அப்பா” என்று இன்னொரு கிளாஸ் கேட்டவள். இப்போது புருஷனைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள், கடைசியாக மார்கரெட்டைப் பார்த்தாள். காலையிலிருந்து இங்கிலிஷிலேயே கதைத்துக்கொண்டிருந்தவள், வெள்ளைக்காரிக்கு விளங்கக் கூடாதென்று தமிழில் சொன்னாள்.

“ஓம் மாமா, பழுதுதான். கொண்டுவர வேண்டாம் எண்டு அப்பாக்கு நான் அப்பவே சொன்னனான்.”

என்ன பிள்ளை இது! றோய் மகளைப் பார்த்தார். அவள் அந்த வீட்டில்தானே இனி வாழப் போகிறாள். கிளிபோட்டிடம் போய் மைக்கை வாங்கினார்.

“பிள்ளை சொல்லுறது சரி. நான்தான் பிழையாச் செய்துபோட்டன். எல்லாரும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ. விஸ்கி இப்ப வரும்.”

விஸ்கி என்றதும் கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. தமிழ் விளங்காத மார்கரெட், அவருடைய வைனுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நம்பி, எழுந்து நின்று தட்டினாள். கண் கலங்கியிருந்தது. ஓடிப்போய் றோயைக் கட்டிப்பிடித்தாள். பரிசாக அதே வைனில் இன்னும் இரண்டு பெட்டி காரில் வைத்திருக்கிறேன், எல்லாருக்கும் கொடுப்போம் என்றாள்.

றோய் மறுக்கவில்லை. அவளோடு வெளியே போய், பெட்டிகளைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார்.

வைன் பெட்டிகளைக் கண்டதும் கிளிபோட் முகத்தைக் கோணிக்கொண்டு மறுபடி மைக்கை எடுத்தார்.