ஆறாவது கிலோமீட்டரில் ஏறியவர்கள்

இதை வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வேலையில் நான் இல்லை. அதனால் சொல்கிறேன். ஒரு வரிகூடக் கூட்டிச் சொல்லவில்லை. நடந்தது நள்ளிரவிலும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மதியம். தரைக்கு மேலே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆனால் அறுபதடி ஆழத்தில், சுரங்கத்துக்குள் மதியம் ஏது, ராத்திரி ஏது?

எங்கள் நகரத்தின் முதல் சுரங்க ரயில் பாதை அது. தோண்டி முடித்துத் தண்டவாளமும் போட்டாயிற்று. எந்த ரயிலை வாங்குவது என்பதுதான் பாக்கி. இரண்டு நிறுவனங்கள் ஆளுக்கொரு மாதிரி ரயிலை அனுப்பியிருந்தன. ஒன்று நீலம், இன்னொன்று சாம்பல். இரண்டையும் ஓட்டிப் பார்த்து, எடை தாங்குவதையும் பிரேக் பிடிப்பதையும் அளந்து அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. எனக்கு நீலத்தின்மேல்தான் கண். சத்தமே போடாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

அன்று நீல ரயிலின் கடைசிச் சோதனை. மொத்தம் மூன்று பெட்டிகள். எந்தப் பெட்டியில் எவ்வளவு எடை என்று ஓட்டுநர் அறைத் திரையில் தெரியும். கூட்டத்துக்குத் தகுந்தபடி பிரேக் பிடிக்க வேண்டுமே, அதற்காக. சோதனைக்கென்று கிலோ சுத்தமாகக் காட்டும்படி வைத்திருந்தோம். முந்தின நாள் மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டினோம். அன்று காலியாக ஓட்ட வேண்டும். மூட்டைகளையெல்லாம் இறக்கிவிட்டார்களா என்று மூன்று பெட்டிகளிலும் நானே நடந்து பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. ஆளும் இல்லை.

ரயிலில் நாங்கள் இரண்டே பேர். நானும் ஓட்டுநரும். அவர் மேலே ஓடும் ரயில்களை முப்பது வருடம் ஓட்டிய மனிதர்.

"மாமியார் மாதிரி நோண்டி நோண்டிப் பார்க்குறீங்களே மேடம். பாவம், வண்டி அழுதுடப் போகுது" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் கிளம்பினோம். மணி 2.17. திரையில் முதல் பெட்டி 134. அது எங்கள் இருவரின் எடை. இரண்டாம் பெட்டி 0. மூன்றாம் பெட்டி 0.

2.26. ஆறாவது கிலோமீட்டரைத் தாண்டியதும் வேகம் குறைந்தது.

"ஏண்ணே நிறுத்துறீங்க?"

"நான் எங்க நிறுத்துறேன்?"

அவர் பிரேக்கைத் தொடவே இல்லை. ரயில் தானாக நின்றது. அங்கே நிலையம் கிடையாது. இரண்டு பக்கமும் வெறும் கான்கிரீட் சுவர்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "ஏன் நின்னுட்டீங்க? இங்க எல்லாம் பச்சைதான் காட்டுது."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள்...

டிங்... டிங்... டிங்...

கதவு திறக்கும் மணி. மூன்றாம் பெட்டியில் ஒரே ஒரு கதவு மட்டும் திறந்திருப்பதாகத் திரை காட்டியது.

மூன்றாம் பெட்டி, 61.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். 133.

190.

கையில் இருந்த தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். பழக்க தோஷம். 256... 314... 384... 448. அதோடு நின்றது. கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் கூடியது ஓர் ஆளின் எடை.

ஏழு முறை.

கதவு சாத்திக்கொண்டது. ரயில் நகர்ந்தது.

"மேடம்... யாராவது ஏறினாங்களா?"

கேமராவைப் போட்டேன். மூன்றாம் பெட்டி காலி. இருக்கைகள் காலி. மேலே தொங்கும் கைப்பிடி வளையங்கள் மட்டும் ரயிலோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தன.

ஏழு வளையங்கள் ஆடவில்லை. யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் விறைப்பாக நின்றன.

2.29. மூன்றாம் பெட்டியின் எடை குறைய ஆரம்பித்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்புறம்தான் இரண்டாம் பெட்டியைப் பார்த்தேன். அங்கே ஏறிக்கொண்டிருந்தது.

மூன்றாம் பெட்டி 0. இரண்டாம் பெட்டி 448.

நடந்து வருகிறார்கள்.

"அண்ணே, வேகமாப் போங்க."

"இதுக்கு மேல போகாது மேடம்."

2.31. இரண்டாம் பெட்டி 0.

முதல் பெட்டி 582.

எங்களுக்குப் பின்னால் இருந்தது ஒரே ஒரு கண்ணாடிக் கதவு. அந்தப் பக்கம்... சொத்... சொத்... தண்ணீர் சொட்டும் சத்தம். ஈர மண் வாடை குப்பென்று ஏறியது.

"திரும்பாதீங்க" என்றார் அவர்.

நான் திரும்பவில்லை. முன்கண்ணாடியில் தெரிந்தது. பின்கதவின் கண்ணாடி பனித்துக்கொண்டிருந்தது. மூச்சு பட்டால் பனிக்குமே, அப்படி.

பெட்டிப் பக்கமிருந்து.

2.33. கடைசி நிலையம். கதவுகள் திறந்தன.

521... 449... 391... 321.

நின்றுவிட்டது.

நாலு பேர் இறங்கிவிட்டார்கள். மற்றவர்கள் இறங்கவில்லை. நாங்கள் ஓட்டுநர் அறையின் பக்கக் கதவைத் திறந்து நடைமேடையில் குதித்தோம். அங்கிருந்து திரை தெரிந்தது. எங்கள் எடை கழிந்து, முதல் பெட்டி 187.

"இன்னும் மூணு பேர் உள்ளே..." என்றார் ஓட்டுநர்.

மறுநாள் மணல் மூட்டை வைத்து எடைக் கருவியைச் சோதித்தேன். ஒரு கிலோ பிசகவில்லை. நடந்ததை எழுதினால் என்னைப் பைத்தியம் என்பார்கள். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, 'எடைக் கருவியில் கோளாறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வரியால் நீல ரயில் தோற்றது. சாம்பல் ரயிலை வாங்கினார்கள். நான் இரண்டு வருடத்தில் வேலையை விட்டேன்.

போன மாதம், சுரங்கப் பராமரிப்பில் இருக்கும் என் பழைய தோழி போன் செய்தாள்.

"ஆறாவது கிலோமீட்டர் பக்கம் சுவர்ல கசிவுடி. உடைச்சோம். உள்ளே ஆளுங்க இருந்தாங்க."

தோண்டும்போது அங்கே தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்து நாலு தொழிலாளர்கள் இறந்தது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அந்த நாலு பேரையும் அன்றைக்கே வெளியே எடுத்துவிட்டார்கள்.

"அந்த நாலு பேர் கணக்குல இருந்தவங்க" என்றாள். "இவங்க வேற. ஒப்பந்தக்காரன் அன்னிக்குக் காலையிலதான் மாத்தாளா கூட்டிட்டு வந்திருக்கான். பேரே எழுதலை. விஷயம் வெளிய வந்தா வேலை நின்னுடும்னு அப்படியே கான்கிரீட் போட்டு மூடிட்டாங்க."

"எத்தனை பேர்?"

"மூணு."

அடையாளம் காட்ட வந்தவர்களைப் பார்க்கப் பிணவறைக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. ஒரு பெண் வாசலில், சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். இறந்தவர்களில் ஒருவரின் மனைவி.

"வேலை பிடிக்காம ஓடிட்டாருன்னு சொன்னாங்கக்கா" என்றாள். "நானும் புள்ளைங்ககிட்ட அப்படியேதான் சொன்னேன்."