இனிமேலும் இல்லை

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனிக்குப் பிரேசிலிலிருந்து ஒரு டெக்னீஷியன் அம்மா வந்திருந்தார். அவர் பேசுவது போர்த்துகீசியம், ஆங்கிலம் அரைகுறை. எங்களுக்கும் அப்படித்தான். சோல் ஒட்டியாச்சா என்று அவர் கேட்டால் லைனில் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒட்டியிருக்காது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாம் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்றாங்க. அந்தம்மா பேஜாராயிட்டாங்க. நீயாவது அவங்க பாஷையில இல்லன்னு சொல்ல கத்துக்கோம்மா."

நல்ல ஆளைப் பிடித்தார். விளக்கு வைத்த பிறகு அரிசி தீர்ந்தால்கூட 'நிறைஞ்சிருக்கு' என்று சொல்லச் சொல்லி வளர்த்த வீடு என்னுடையது.

குடியாத்தம் பஸ்ஸில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு செல்போனில் படித்தேன். 'நாவ்ங்' என்றால் இல்லை; பாதி மூக்கால் சொல்ல வேண்டும். 'நாவ்ங் சேய்', தெரியாது. 'அயிந்த நாவ்ங்', இன்னும் இல்லை. ஒரு பெண்குரல் கேள்வி கேட்கும், நான் முணுமுணுப்பேன். ஒருநாள் அது கேட்டது: உங்களுக்குக் குழந்தைகள் உண்டா? போனை அணைத்துவிட்டேன்.

பக்கத்து சீட்டு அக்காவும் அதைத்தான் கேட்பார். "இன்னாம்மா, விசேஷம் ஏதாவது?"

"இன்னும் இல்லக்கா."

அந்த 'இன்னும்' போதும். அதைப் பிடித்துக்கொண்டு தர்கா, அரசமரம், நாட்டு மருந்து எல்லாம் வரிசையாக வந்துவிடும். வேலூர் டாக்டர் கைவிரித்தது எனக்கும் என் கணவருக்கும் மட்டும்தான் தெரியும். வெளியே சொன்னால் உடைந்துபோவேன் என்று பயந்தேன்.

ஒரு மதியம் சாப்பிடும்போது டெக்னீஷியன் அம்மா அதே கேள்வியைத் தன் பாஷையில் கேட்டார். 'அயிந்த நாவ்ங்' நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"நாவ்ங், நாவ்ங் தேன்யு."

இல்லை, எனக்கு இல்லை. எந்த பாஷையிலும் அதுவரை நான் அப்படிச் சொன்னதில்லை. அடுத்து 'ஏன்' வரும் என்று காத்திருந்தேன்.

"நேங் ஏவ்" என்றார். எனக்கும் இல்லை. பிறகு என் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு உருளைக்கிழங்குத் துண்டை எடுத்துத் தின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பசியும் வந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் அக்கா வழக்கம்போல் கேட்டார்.

"இல்லக்கா. இனிமேலும் இல்ல. டாக்டர் சொல்லிட்டாரு."

எந்த தர்காவுக்கு அனுப்பப்போகிறாரோ என்று பார்த்தேன். அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பேரணாம்பட்டில் தான் இறங்கும்வரை விடவில்லை.