வலப்பக்கத்துப் பாத்திரம்

துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில் எங்கள் தமிழ்ச் சபைக்கென்று தனிக் கோயில் கிடையாது. ஆங்கிலிக்கன் கோயில் ஒன்றின் காம்பவுண்டுக்குள் வெள்ளிக்கிழமை முழுக்க ஒரு மொழி மாற்றி இன்னொரு மொழியில் ஆராதனை நடக்கும். பிலிப்பைன்ஸ்காரர்கள் கிட்டாரைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வரும்போது மலையாளிகள் வாசலில் காத்திருப்பார்கள். அவர்கள் முடித்த பிறகு எங்கள் முறை.

சபையைத் தொடங்கியவர் ஒரு சிமென்ட் ஃபேக்டரியில் கணக்குப் பிரிவில் இருந்தவர். அவர் வீட்டு ஹாலில் சில குடும்பங்கள் உட்கார்ந்து பாமாலை பாடியதுதான் ஆரம்பம் என்பார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் சபைச் செயலர். குடும்பங்கள் கார்களில் வரும். என்னைப் போல லேபர் கேம்ப்பில் இருப்பவர்கள் ஷேர் டாக்ஸியில் வந்து பின்வரிசையில் உட்காருவோம். அறுப்பின் பண்டிகைக்குக் கருப்பட்டியும் முறுக்கும் ஏலம் போகும். டிசம்பரில் பிக்கப்பில் ஏறி ஒவ்வொரு கேம்ப்பாகப் போய்ப் பாடுவோம். கேக்குக்காகவும் தமிழ்ப் பாட்டுக்காகவும் சாமி கும்பிடுகிற பையன்களும் வந்து நின்று கைதட்டுவார்கள். அந்த நேரத்தில் யார் கார், யார் டாக்ஸி என்பதெல்லாம் எனக்கு மறந்துபோகும்.

நான் செராமிக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். குரல் நன்றாக இருக்கும் என்று பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்த புதிதில், ஊரில் நான் எந்தச் சபை வட்டாரம் என்று செயலர் கேட்டார்.

"தம்பிக்கு எந்தச் சேகரம்?"

சொன்னேன்.

"அதுல எந்தக் கோயில்?"

அதையும் சொன்னேன். எங்கள் பக்கத்தில் கோயில் பெயரைச் சொன்னால் தெரு எது என்று தெரிந்துவிடும். தெரு தெரிந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். "சரி, சரி" என்று சிரித்து என் தோளைத் தட்டினார். அதற்குமேல் ஒன்றுமில்லை. அந்தச் சிரிப்பை நான் அன்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

மாதம் ஒருமுறை நற்கருணை. அதை நடத்த வெள்ளைக்கார ஆயர் வருவார். தமிழ் ஆராதனை முறையை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து, ஒரு வார்த்தை விடாமல் வாசிப்பார். கூட்டம் பெருகியதால் திராட்சரசம் கொடுக்க இரண்டு பாத்திரம் வேண்டும் என்று முடிவு செய்தார். ஒன்று செயலர் கையில். இன்னொன்றுக்கு ஆயர் என்னைக் கேட்டார். பேராயரிடம் அனுமதியும் வாங்கிவிட்டார்.

ரூமில் சில்வர் டம்ளரில் தண்ணீரை வைத்துக்கொண்டு பழகினேன். ஒருவர் குடித்ததும் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, கொஞ்சம் திருப்பி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். என் ரூமில் அறந்தாங்கிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவரும், லோடர் ஓட்டுகிற ஒருவரும் இருந்தார்கள். இருவரும் இந்துக்கள். கொத்தனார் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் அந்த ஒண்ணுலயேவாண்ணே குடிப்பாங்க?"

"ஆமா. எங்கள்ல அதெல்லாம் பாக்குறதில்ல. ராஜாவானாலும் ஒரே பாத்திரந்தான்."

"நல்ல விஷயமால்ல இருக்கு" என்றார். நானும் வர்றேன் என்றார். லோடர்காரரும் சேர்ந்துகொண்டார். இருவரும் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

எனக்கு வெள்ளை அங்கி கொடுத்தார்கள். பீடத்தின் நடுவில் ஆயர் அப்பம் கொடுப்பார். அதை வாங்கியவர்கள் இடப்பக்கம் செயலரிடமோ வலப்பக்கம் என்னிடமோ வர வேண்டும். முதலில் வந்த குடும்பம் இடப்பக்கம் போனது. அடுத்த குடும்பமும் அங்கேதான். பழக்கதோஷம் என்று நினைத்தேன். செயலருக்கு முன்னால் வரிசை நீண்டு, வளைந்து, சுவரைத் தொட்டது. அப்போதும் யாரும் திரும்பவில்லை. ஒரு அம்மா என் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார். அவர் கணவர் முழங்கையைத் தொட்டதும் கூடவே போய்விட்டார். சிலர் அப்பத்தோடு நிறுத்திக்கொண்டு இடத்துக்குத் திரும்பினார்கள்.

பாத்திரம் கனத்தது. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ரசம் கொடுக்கும்போது நான் சொல்ல வேண்டிய வாக்கியம் வாய்க்குள்ளேயே நின்றது. கேம்ப் பையன்கள் வந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் என் தெருவைப் போன்ற தெருக்காரர்கள்தான். வரிசையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், தலையைக் குனிந்துகொண்டு அவர்களும் இடப்பக்கம் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆளில்லாத இடத்தில் போய்த் தனியாக நிற்க அவர்களுக்கும் கூசியிருக்கும்.

கடைசியில் ஒரு இலங்கைத் தமிழ் அக்கா நேராக என்னிடம் வந்தார். ஒரு அரபி வீட்டில் வேலை செய்தவர். அவர் குடித்து முடித்து ஆமென் சொன்னபோது என் கண் நிறைந்துவிட்டது. பிறகொரு நாள் அவரிடம் நன்றி சொன்னேன். "ஐயோ தம்பி, மேடம் கார் அனுப்பிட்டா. அந்த லைன் நீளமா இருந்தது, அதான் உங்களிட்ட வந்தனான்" என்றார்.

மீந்த ரசத்தைக் கீழே ஊற்றக் கூடாது. கொடுத்தவரே குடித்துத் தீர்க்க வேண்டும். செயலர் பாத்திரத்தில் ஒரு வாய்தான் இருந்தது. ஆயர் என் பாத்திரத்தை எட்டிப் பார்த்து ஒரு நொடி நின்றார். பிறகு குடிக்கும்படி கண்ணைக் காட்டினார். என் அப்பா குடியால் போனவர். நற்கருணையில் ஒரு வாய் தவிர நான் அதைத் தொட்டதே இல்லை. சபைக்கு முதுகைக் காட்டி நின்று, அந்த இனிப்பும் காரமுமான ரசத்தை மடக்கு மடக்காக விழுங்கினேன். நடுவில் புரையேறியது. பின்னால் ஒரு குழந்தை சிரித்தது, யாரோ அதட்டினார்கள். எனக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும், பாத்திரத்தில் ஏன் அவ்வளவு மீந்தது என்று. ஆயருக்கு மட்டும் தெரியாது. கடைசி பெஞ்சில் இருந்த இருவரும் புரிந்துகொண்டிருப்பார்கள். அதை நினைக்கும்போதுதான் காது சுட்டது.

வெளியே டீயும் வடையும் கொடுத்தார்கள். "நல்லாச் செஞ்சீங்க தம்பி" என்று செயலர் கைகொடுத்தார். அவர் மனைவி எனக்கு இன்னொரு வடை வைத்தார். யாரும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்காவது ஏதாவது பேசியிருப்பேன்.

திரும்பும்போது டாக்ஸியில் நான் முன்சீட்டில். பாகிஸ்தான்காரப் பட்டாணி டிரைவர் சாராய வாடையை மோந்துவிட்டு, "பாய், சராப்?" என்று என்னைக் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து கொத்தனார், "நஹி பாய், தவாய்" என்றார். மருந்து என்று எனக்காகப் பொய் சொன்னார். கேம்ப் வரும்வரை இருவரும் வேறு கதையே பேசிக்கொண்டு வந்தார்கள். இறங்கும்போது மட்டும் கொத்தனார், "அந்த வெள்ளை அங்கி ஒங்களுக்கு நல்லா இருந்துச்சுண்ணே" என்றார்.

அடுத்த வாரம் ஆயர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, மெதுவான ஆங்கிலத்தில், ஏன் யாரும் உன்னிடம் வரவில்லை என்று கேட்டார். அதைச் சொல்லும் அளவுக்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது. ஒரு வெள்ளைக்காரரிடம் நம் ஆட்களைப் பற்றி இதைச் சொல்வதும் எனக்கு அவமானமாகவே இருந்தது.

"நியூ மேன், சார். பீப்பிள் ஷை" என்றேன்.

அவர் நம்பினாரா என்று தெரியாது. அடுத்த மாதமும் என்னையே நிறுத்தினார். ஆனால் என் பாத்திரத்தில் அடி மட்டும் நனையும்படி ஊற்றினார். அதற்கடுத்த மாதமும் அப்படியே. யார் விடச் சொல்லியும் நான் அந்தப் பொறுப்பை விடவில்லை என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். விடச் சொல்லி யாரும் கேட்கவே இல்லை. நானாக விட்டால் ஏன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதனால் நின்றேன்.

பிறகு பன்றிக் காய்ச்சல் பயம் வந்தது. எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடிக்க வேண்டாம் என்று நிறுத்தினார்கள். ஆயரே அப்பத்தை ரசத்தில் நனைத்துக் கையில் வைத்தார். அந்த அறிவிப்பை வாசித்த வெள்ளிக்கிழமை, பின்வரிசையில் உட்கார்ந்து நிம்மதியாக மூச்சு விட்டேன். ஊர் உலகத்துக்கு வந்த ஒரு நோய்க்கு இப்படிச் சந்தோஷப்படுகிறேனே என்று அதற்கும் வெட்கப்பட்டேன்.

அந்த வருஷம் லீவில் ஊருக்குப் போனேன். பாத்திரம் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள் என்று முதலிலேயே போனில் மனைவியிடம் சொல்லியிருந்தேன். பின்னால் நடந்ததைச் சொல்லவில்லை. அவள் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் எங்கள் ஊர் ஆயர், நம் தெருப் பிள்ளை அங்கே எல்லாச் சாதிக்காரருக்கும் தன் கையால் பாத்திரம் கொடுக்கிறது என்று சொல்லி, என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன். கைதட்டினார்கள். முன்வரிசையில் பெரியவர்கள் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார் ஆயர்.

"அங்க எல்லாரும் என்னை நல்லா வச்சிருக்காங்கய்யா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.