வண்டிக்குத் தாகமெடுத்தால்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. எட்டாம் வகுப்போடு மிளகாய்க் காட்டுக்குப் போனவன். அதைவிடப் பெரிய தயக்கம், அம்மன் காரியத்தையும் கார் கம்பெனிக் காரியத்தையும் ஒரே தாளில் எழுதினால் சாமியைக் கேலி செய்ததாகிவிடுமோ என்பது. ஆனால் நான் எழுதாமல் இருந்ததால் ஊர் சும்மா இருந்துவிடவில்லை. எங்கள் காரை அம்மனே நடுரோட்டில் நிறுத்தி வாக்குச் சொன்னாள் என்று ஒரு கதை. நாங்கள் இரண்டு பேரும் அம்மன் வாக்கை மீறினோம் என்று இன்னொரு கதை. இரண்டும் தொண்டி வரைக்கும் போய்விட்டன. இனியும் வாய்மூடி இருந்தால் நடந்தது காணாமல் போய்விடும். அதனால் விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் கல்யாணம் எழுபத்து நாலில். என் மனைவியின் ஊர் ராமநாதபுரத்துக்கு மேற்கே. எங்கள் ஊர் திருப்பாலைக்குடியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெண்ணை அழைத்து வரத் தொண்டியிலிருந்து ஒரு பிளசர் பிடித்திருந்தார் என்னைப் பெற்ற அய்யா. அப்போது எங்கள் பக்கம் காரைக் கார் என்று யாரும் சொல்வதில்லை, பிளசர்தான். உள்ளே ஏறினால் பெட்ரோல் வாசமும் பழைய தோல் வாசமும் கதம்பப் பூ வாசமும் கலந்து அடித்தன. முன்சீட்டில் உட்கார்ந்த என் அக்கா, வண்டி கிளம்பியதுமே தூங்கிவிட்டாள். பின்சீட்டில் நாங்கள் இரண்டு பேர். நடுவில் ஒரு பித்தளைக் குடம். பிறந்த ஊர் ஊருணித் தண்ணீரை நிறைகுடமாகக் கொண்டுபோய்ப் புகுந்த வீட்டில் வைப்பது அவர்கள் வழக்கம். ஒரு சொட்டுச் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

திருப்பாலைக்குடிக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு பக்கமும் உப்பு பூத்த வெட்டவெளியில், வண்டி புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. டிரைவர் முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இன்ஜினுக்கு ஊற்றத் தண்ணீர் கிடைக்குமா என்று சுற்றும் முற்றும் தேடினார். கடைசியில் அவர் கண் குடத்தில் வந்து விழுந்தது.

"தங்கச்சி, தப்பா நெனைக்காத. அந்தத் தண்ணியக் கொஞ்சம் குடுத்தேன்னா ஊரு போய்ச் சேந்துரலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். கொஞ்சம் என்றவர் அத்தனையையும் ஊற்றிவிட்டார். அப்போதுதான் அவள் என்னிடம் முதல் வார்த்தை பேசினாள்.

"ஏங்க, வெறுங்கொடத்தோடயா ஒங்க வீட்டுக்குள்ள வாரது?"

இன்ஜின் ஆறட்டும் என்று டிரைவர் சொன்ன நேரத்துக்குள், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடத்தோடு திருப்பாலைக்குடிக்கு நடந்தேன். முதல் தெருவில் ஒரு முஸ்லிம் அம்மா வாசலில் நின்றார்கள்.

"என்ன மாப்ள, மாலையும் கழுத்துமாத் தண்ணிக்கு அலையிற?" என்று சிரித்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரைக் குடம் நிறைய ஊற்றினார்கள். அந்தக் கரையில் நல்ல தண்ணீர் என்றால் தூரத்திலிருந்து சுமந்து வந்தது. "கொண்டு போ வாப்பா. அல்லா ஒங்க ரெண்டு பேரையும் நல்லா வைப்பான்."

அந்தத் தண்ணீரைத்தான் என் ஆத்தா வாங்கிச் சாமி விளக்கடியில் வைத்தாள். எந்த ஊர்த் தண்ணீர் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

அதற்குப் பிறகு என் மனைவி எந்த வண்டியைப் பற்றியும் 'நின்றுவிட்டது' என்ற சொல்லைச் சொன்னதில்லை, பிறர் சொன்னாலும் விட்டதில்லை. விளக்கு அணைந்தது என்று வீட்டில் சொல்கிறோமா? மலையேறியது என்கிறோம். அப்படி அவளுக்கு இது. இன்னொரு பழக்கமும் வந்தது. பஸ்ஸோ டிராக்டரோ, எதில் ஏறினாலும் கையில் ஒரு தூக்குவாளியில் தண்ணீர். வழியில் தாகத்துக்கு என்று நினைத்திருந்தேன்.

நாங்களே ஒரு கார் வாங்குவோம் என்று கனவிலும் நினைத்ததில்லை. இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் மிளகாய் கைகொடுத்ததில், இரண்டாயிரத்து ஏழில், ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்தது. அம்மன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் ஏற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, அந்த வயதில் நான் ஓட்டப் பழகினேன். ஆசைக்கு வாங்கியதுதான். ஆனால் அடுத்த வருஷமே அது ஆசைப்பொருளாக இல்லாமல் போனது.

எங்கள் கடைசி மகளைத் தொண்டியில் கொடுத்திருந்தோம். இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவதாக உண்டாகியிருந்தாள். பஸ்ஸில் ஏறக்கூடாது, மாதாமாதம் ராமநாதபுரத்துக்கு வந்து காட்டவேண்டும், வலி வந்தால் தாமதிக்கக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மருமகன் கப்பல் வேலைக்குப் போயிருந்தார். எனவே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்க இருந்தது எங்கள் கார் ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் ராமநாதபுரத்தில் வண்டியை சர்வீஸுக்கு விட்டிருந்தோம். மேஜைக்குப் பின்னால் இருந்த சின்னப் பெண் சொன்னாள்:

"சார், ஒங்க வாரண்டி மாசியோட முடியுது. அதுக்குள்ள எக்ஸ்டெண்ட் பண்ணிக்கிட்டா இன்னும் ரெண்டு வருஷம் கவலையில்ல. முடிஞ்சிட்டா அப்புறம் போடமுடியாது."

"அதுல என்னம்மா லாபம்?"

"வண்டி திடீர்னு நடுரோட்டுல நின்னுபோச்சுன்னா..."

"தாயி, அப்பிடிச் சொல்லாத" என்றாள் என் மனைவி.

"சரிம்மா. இன்ஜின் போயிருச்சுன்னா..."

"அதையும் சொல்லாத. வயித்துப்புள்ளக்காரி ஏறுற வண்டி."

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டாள். "அதையெல்லாம் சொல்லாம நான் எப்பிடிம்மா வாரண்டி விக்கிறது?"

"நல்லதாச் சொல்லி வித்துப் பாரு."

கொஞ்சம் யோசித்தாள். "வண்டி நல்லா ஓடும்மா."

"நல்லா ஓடுற வண்டிக்கு எதுக்கு வாரண்டி?"

அங்கே இருந்த மெக்கானிக்கெல்லாம் சிரித்துவிட்டார்கள். நான் பேச்சை மாற்ற, "துருப்பிடிச்சா மாத்திக் குடுப்பீங்களா?" என்று கேட்டேன். துரு வாரண்டியில் சேராது என்றாள் அந்தப் பெண்.

"உப்புக்கு இல்லையா?" என்றாள் இவள். "அப்ப இது மதுரைக்காரங்களுக்குப் போட்டது. வாங்க போவோம்."

எனக்கு அப்படி விட மனசில்லை. என்னை எனக்குத் தெரியும். வண்டியில் ஒரு சத்தம் கேட்டால், மிளகாய் விற்றுவரட்டும் பார்ப்போம் என்று தள்ளிப்போடுகிறவன். வாரண்டி இருந்தால் ரிப்பேருக்குக் காசு கேட்கமாட்டார்கள், சின்னச் சத்தத்துக்கும் கொண்டுபோய் விடுவேன். மகளுக்கு வலி வருகிற அன்றைக்கு வண்டி ஓடவேண்டும். என் கணக்கு அவ்வளவுதான். அவள் கணக்கு வேறு.

"மூணாந்தரமா அம்மன் குடுத்திருக்கா. அவ குடுத்ததுக்குக் கம்பெனிக்காரன்கிட்ட போயி காவல் கேக்குறதா? அவ என்ன நெனைப்பா?"

"நீ ராத்திரி வீட்டுக்குப் பூட்டுப் போடுறீல்ல? அதுக்கு என்ன நெனைப்பா?"

"பூட்டு திருடனுக்கு. சாமிக்கில்ல."

இப்படியே தை முடிந்தது. கடைசியில், பூப்போட்டுப் பார்த்துவிடலாம் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். எங்கள் பக்கத்தில் முடிவெடுக்க முடியாத காரியத்துக்கு அதுதான் வழி. செவ்வரளி ஒரு பொட்டலம், நந்தியாவட்டை ஒரு பொட்டலம், இரண்டையும் பூவரசு இலையில் மடித்து அம்மன் காலடியில் போடுவார் பூசாரி. கும்பிட்டு ஒன்றை எடுப்பார். எடுத்த நிறம் அம்மன் வாக்கு.

வெள்ளிக்கிழமை. நல்ல கூட்டம். பூசாரி எங்களைப் பார்த்து, "என்ன கேக்குறீக, வாய்விட்டுச் சொல்லுங்க" என்றார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பின்னால் பிள்ளை வரம் கேட்கவும் நோய் தீரவும் ஆட்கள் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் 'வாரண்டி' என்று அம்மனிடம் எப்படிச் சொல்வது? "மனசுக்குள்ளயே கேட்டுக்கிறோம்" என்றேன். அவளும் கண்ணை மூடிக் கும்பிட்டாள். அய்யா காலத்தில் எங்கள் மகள்களுக்கு மாப்பிள்ளை பார்த்ததிலிருந்து கிணறு வெட்டியது வரை எல்லாவற்றையும் அவர்தான் சத்தமாகச் சொல்லிக் கேட்பார். நாங்கள் பக்கத்தில் நின்று கும்பிடுவதோடு சரி.

வெள்ளை வந்தது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் முகம் தெளிந்திருந்தது. அன்றைக்கு எனக்குப் பிடித்த பருப்புத் துவையல் அரைத்தாள். தன் பேச்சு எடுபடாமல் போயும் எவ்வளவு தாராளமாக இருக்கிறாள் என்று எனக்கு அவள்மேல் இரக்கம். அவளுக்கு என்மேல் அதே இரக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

மாசி முடிகிற சமயம், வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

"அத எதுக்கு எடுக்குறீக?"

"வாரண்டி போட. அதான் வெள்ளை வந்துச்சுல்ல."

"வெள்ளை வந்தா விட்ருன்னுதானே அர்த்தம்?"

"வெள்ளைன்னா செய்யின்னு அர்த்தம். செவப்புன்னா நில்லு."

"யாரு ஊருல?"

"எங்க ஊருல."

"எங்க ஊருல செவப்புதான் செய்யி. குங்குமத்தவிட நல்லது என்ன இருக்கு?"

"நீ இங்கன வந்து முப்பத்து நாலு வருஷமாச்சேடி!"

"சாமிகிட்ட மட்டும் எங்காத்தா சொல்லிக்குடுத்தபடிதான் கேப்பேன்."

பூசாரியிடம் ஓடினோம். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஒரு தரம் கேட்டதை மறுதரம் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். "ரெண்டு பேருக்கும் ஆத்தா பதில் சொல்லிட்டா. இனி நீங்களாச்சு, ஒங்க காராச்சு."

எனக்கு உண்மையிலேயே கலக்கமாகிவிட்டது. வாங்கினால் அவள் கேட்ட வாக்குக்கு விரோதம். வாங்காவிட்டால் நான் கேட்ட வாக்குக்கு விரோதம். நாளைக்கு மகளுக்கு ஏதாவது என்றால் யார் கேட்டது தப்பு என்று இரண்டு பேரும் காலமெல்லாம் மனசுக்குள் தேடிக்கொண்டிருப்போம். வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்காமல் நடமாடினோம்.

வாரண்டி முடிகிற கடைசி நாளும் மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற நாளும் ஒன்றாக வந்தன. காலையில் தொண்டிக்குப் போனோம். மகள் தன் பையை வைக்க டிக்கியைத் திறந்தாள். உள்ளே ஐந்து லிட்டர் கேன் ஒன்று ததும்பத் தண்ணீரோடு இருந்தது.

"எப்பப் பாத்தாலும் இந்தக் கேனு எதுக்கும்மா? முன்னாடிதான் ரெண்டு பாட்டில் வச்சிருக்கீல்ல?"

"அது நமக்கு."

"அப்ப இது?"

சொல்லவேண்டிய சொல் என் மனைவிக்கு ஆகாத சொல். காரைக் கையால் தட்டிக்கொடுத்து, "இதுக்குத் தாகமெடுத்தா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கேனிலிருந்தோ, அதற்கு முந்திய தூக்குவாளியிலிருந்தோ அவள் ஒரு வாய் குடித்து நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸில், டிராக்டரில், அடுத்தவர் கல்யாண வேனில், இத்தனை வருஷமும் அவள் அந்தப் பித்தளைக் குடத்தைத்தான் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள்.

"இத்தன வருஷமும் சாமிய நம்பாமயா தண்ணி தூக்குன?" என்று கேட்டேன். குத்திக்காட்டக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது.

"நம்பாம என்ன? நம்பித்தான். ஆனாலும் கொடம் காலியா இருக்கக்கூடாதுல்ல" என்றாள். சொன்னது தனக்கே உறைத்த மாதிரி அந்தக் கேனைத் திரும்பிப் பார்த்தாள்.

மகள் முழித்தாள். "என்னய்யா, என்ன கொடம்?"

போகிற வழியெல்லாம் அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னோம். திருப்பாலைக்குடி வந்ததும் வண்டியை மெதுவாக ஓட்டி அந்த அம்மா வீட்டைத் தேடினேன். தெருவெல்லாம் மாடி வீடாகிவிட்டது. அடையாளம் தெரியவில்லை. ஊரைத் தாண்டி உப்புவெளி வந்ததும் என் மனைவி தானாகவே சொன்னாள்: "மொதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் அந்தக் கார் கம்பெனிப் புள்ளகிட்ட போவோம்."

டாக்டரம்மா எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அங்கிருந்து கார் கம்பெனிக்குப் போனோம்.

"வண்டிக்குத் தாகமெடுத்தா நீங்க பாத்துக்கிருவீகளா?" என்று கேட்டாள் இவள்.

அந்தப் பெண் ஒரு நொடிதான் விழித்தாள். "தாகம் மட்டுமில்லம்மா. காய்ச்சல் தலைவலின்னாலும் பாத்துக்கிருவோம்."

"இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?" என்றாள் என் மனைவி. முந்தானையில் முடிந்திருந்த அம்மன் குங்குமத்தை அந்தத் தாளின் தலையில் வைத்த பிறகுதான் என்னைக் கையெழுத்துப் போடவிட்டாள்.

பங்குனியில் ஸ்டீரிங் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அன்றைக்கே கொண்டுபோய் விட்டேன். ஏதோ ஒரு சாமானை மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி சொல்லவும் மாட்டேன். வைகாசியில் ஒரு மத்தியானம் மகளுக்கு வலி கண்டது. வெயிலில் தார் ரோடு பளபளத்தது. பின்சீட்டில் மகள் தலையை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி அம்மனை முணுமுணுத்தபடி வந்தாள். ராமநாதபுரம் போய்ச் சேர்ந்தோம். சாயந்திரம் பேத்தி பிறந்தாள். அம்மனுக்குச் செவ்வரளியிலும் நந்தியாவட்டையிலுமாக இரண்டு மாலை போட்டோம்.

இவ்வளவுதான் நடந்தது. இதை யாரிடமாவது சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அம்மனைப் பெரிதாக்குகிறோம் என்று எதையும் சேர்க்கவேண்டாம், எங்களைப் புத்திசாலி ஆக்குகிறோம் என்று எதையும் விடவும் வேண்டாம். முக்கியமாக, எங்கள் கார் வழியில் நின்றது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நின்றது எழுபத்து நாலில் அந்தப் பிளசர் ஒன்றுதான். அதைக்கூட என் மனைவிக்குத் தெரியாமல்தான் இங்கே எழுதியிருக்கிறேன். அவள் காதுபடச் சொல்லவேண்டி வந்தால், வண்டிக்குத் தாகமெடுத்தது என்று சொல்லுங்கள்.