கரண்ட் என்றால் 'இப்போது'

புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைக்கிராமத்துப் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியை. பக்கத்து வீட்டு அக்கா துணி தைப்பவர். அவர் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு மின் இணைப்பு கேட்டு என் செல்போனில்தான் விண்ணப்பித்தோம். அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் வந்து நிற்பார். "இன்னா டீச்சர், வந்துச்சாங்க?"

ஒருநாள் நான் பாலை இறக்கப் போன நேரத்தில் அவரே போனை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பார். 'கரண்ட் ஸ்டேட்டஸ்' என்று இருந்த வரியில் முதல் சொல்லோடு நிறுத்திக்கொண்டு, சந்தோஷமாக எழுந்து போய்விட்டார். மறுநாள் திருப்பத்தூர் போய்த் தையல் மெஷினுக்கு மோட்டார் வாங்கிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினார்.

"அக்கா, இன்னும் இணைப்பே வரலையே!"

"கரண்ட்டுன்னு போட்டிருந்துச்சே. நானே படிச்சேனே."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அங்கே கரண்ட் என்றால் 'இப்போதைய' என்று அர்த்தம், கீழே 'பரிசீலனையில்' என்றிருக்கிறது என்றேன். 'ஓடு' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஓடுகிற தண்ணீருக்கும், ஓடிக்கொண்டிருக்கிற காலத்துக்கும் சொன்னார்கள். கம்பியில் ஓடுவதற்கு அந்தப் பெயர் வைத்தது பிற்பாடுதான். வகுப்பில் நடத்துவதுபோல் சொல்லிக்கொண்டே போனேன்.

"இப்பன்னா இப்பவே குடுக்கணும் இல்லீங்களா? குடுக்காம எதுக்கு அந்த வார்த்தய போடறாங்க?"

சனிக்கிழமை இருவரும் மின் அலுவலகத்துக்குப் போனோம். "கம்பம் வரணும்மா," என்றார் அங்கிருந்தவர், நிமிராமலே. எப்போது வரும் என்று கேட்டேன்.

"ஆன்லைன்ல பாருங்க."

பார்த்துவிட்டுத்தானே வந்திருக்கிறோம் என்று கத்திவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். திரும்பும் வழியெல்லாம் நான் பொருமிக்கொண்டே வந்தேன்.

மழைக்குப் பிறகு கம்பம் வந்தது. சாலை வளைவில் உருட்டிவிட்டுப் போனார்கள். நடுவதற்கு இன்னும் ஆள் வரவில்லை. மோட்டாரைப் பழைய சேலையில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு, அக்கா காலால் மிதித்தே தைக்கிறார். என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

நேற்று ஒரு கல்யாணத்துக்கான ஜாக்கெட்டுகளைத் தைத்து முடித்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கீங்க? குந்துங்க, டீ போடறேன்."

உட்கார்ந்தேன். டீ கொதிக்கும்வரை ஜாக்கெட்டுகளை மடித்து வைத்தேன்.