கடைசித் தெருவுக்கு வராத உப்பு

தண்ணீருக்கு வயது பார்ப்பவளை ஊரில் உப்பக்கா என்பார்கள். குடிநீர் ஆய்வகத்தில் வேலை. மேல்நிலைத் தொட்டியில் நாக்குக்குத் தெரியாத அளவு உப்பைக் கரைத்துவிட்டு, தெருக்குழாயடியில் கருவியும் கையுமாகக் குந்திக்கொள்வாள். உப்பு வந்து சேர எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம் தண்ணீர் குழாய்க்குள் கிடந்திருக்கிறது என்று கணக்கு.

அவளுக்குத் தலைவலி கடைசித் தெருதான். அங்கே குழாய் முட்டுச்சுவரோடு முடிகிறது. குழாயில் யானை நுழையலாம். வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். தண்ணீர் படுத்தே கிடந்து, கிருமியைக் கொல்லப் போட்ட குளோரின் வழியிலேயே மண்டையைப் போட்டுவிடுகிறது என்பது அவள் சந்தேகம். அண்ணன் குடும்பம் அங்கேதான் இருக்கிறது. அண்ணன் மகளுக்கு வயிற்றுப்போக்கு விட்டபாடில்லை. குழாயை அடுத்த தெருவோடு இணைத்தால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால், தேங்குவதைக் காட்டினால்தான் சாலையைத் தோண்டுவேன் என்றார் பொறியாளர். அதுவும் நியாயம்தான்.

காலையில் உப்பைப் போட்டாள். மத்தியானத்துக்குள் கருவியில் எண் குபுகுபுவென்று ஏறிவிட்டது. இளந்தண்ணீர்! முகம் தொங்கிப்போய் அண்ணன் வீட்டுக்குள் போனால், பின்பக்கம் தண்ணீர் ஆறாக ஓடுகிறது.

"என்ன அண்ணி இது?"

"நீ சோதிக்க வர்றேன்னு தெருவுக்கே சொல்லி வச்சேன். எல்லாரும் குழாயைத் திறந்து விட்டுட்டோம். பழசெல்லாம் போயி உனக்கு நல்ல தண்ணியா வரட்டுமேன்னு."

"டாக்டர்கிட்ட போறப்ப காய்ச்சலை வீட்லயே வச்சுட்டுப் போவீங்களா?"

"ஆள் வர்றாங்கன்னா வீட்டைப் பெருக்கி வைக்கிறது தப்பாம்மா?"

உப்பக்கா நேரே பொறியாளரிடம் போனாள். "திரும்பச் செய்யணும் சார். இன்னிக்கு தண்ணி தானா ஓடல, எங்க அண்ணிதான் ஓட்டியிருக்காங்க."

"சரி, இந்தத் தடவை அண்ணியை யார் பூட்டி வைக்கிறது?"

அண்ணியோ இப்போது நேர் எதிராகப் பேசினாள். "சொட்டுகூடத் திறக்க மாட்டோம். நீ ஜெயிச்சுடலாம்."

"வேணாம் அண்ணி. எப்பவும் போல துவைங்க, குளிங்க. உள்ளது உள்ளபடி வரட்டும்."

"அப்படிச் செஞ்சு உப்பு சீக்கிரமே வந்துட்டா?"

"வந்துட்டா, நான் நெனச்சது தப்பு. வேற காரணம் தேடுவேன்." சொல்லும்போது அண்ணன் மகள் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

சில நாள் கழித்து மறுபடி உப்பைப் போட்டாள். அன்று அது வரவில்லை. மறுநாளும் குழாயடியிலேயே தவம் கிடந்தாள், வரவில்லை. அதற்கும் அடுத்த நாள், பொறியாளர் பக்கத்தில் நிற்கும்போதுதான் எண் மெல்லத் தலையைத் தூக்கியது. அவர் கருவியைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், செருப்புக்காலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார்.

"இங்கேருந்து தோண்டலாம்."

ஆட்கள் வந்து சேரும்வரை, எந்த வண்டியும் ஏறி அழித்துவிடாதபடி உப்பக்கா அந்தக் கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தாள்.